அமேசானுக்கு ஆன்மிகப் பயணம்: யார் வீட்டு வாசலில் போய் நிற்பது?

அமேசான் காட்டுக்குப் போய், அங்குள்ள பழங்குடி மக்களோடு சில வாரங்கள் இருந்து கற்றுக்கொள்ள விரும்பும் தமிழர்கள் சிலரை எனக்குத் தெரியும். விபாசனா, யோகா, திருவண்ணாமலை எல்லாம் பார்த்துவிட்டு அடுத்தது இது என்று நினைப்பவர்கள் அவர்களில் உண்டு. பெரிய துக்கம் ஒன்றிலிருந்து மீள வழி தேடுபவர்களும் உண்டு. எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "எந்த மையம் நல்லது?"

நான் வேறு மாதிரி கேட்பேன். அந்த இடம் யாருடையது? "நீ வர வேண்டாம்" என்று நம்மிடம் சொல்லும் உரிமை அங்கே யாருக்கு இருக்கிறது? பெட்டிச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது? இதற்கெல்லாம் "அந்த ஊர் மக்கள்" என்று பதில் வரும் இடத்தில்தான் கற்றுக்கொள்ள ஏதாவது கிடைக்கும். மற்ற இடங்களில் கிடைப்பது சேவை. காசு கொடுத்தால் கிடைக்கும், அவ்வளவுதான்.

நடைமுறையில் நம்மவர்கள் யோசிப்பது பெரு, எக்குவடார், பிரேசில் ஆகிய மூன்று நாடுகளைத்தான். பெருவிலிருந்து தொடங்குகிறேன், பெரும்பாலானோர் டிக்கெட் எடுப்பது அங்கேதான் என்பதால்.

பெருவின் அமேசான் பகுதியில் இருக்கும் இக்கிட்டோஸ் நகரத்துக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது. லீமாவிலிருந்து விமானம், இல்லாவிட்டால் ஆற்றில் படகு. நூறு ஆண்டுகளுக்கு முன் ரப்பர் பாலில் கொழுத்த ஊர் அது. புட்டுமாயோ ஆற்றங்கரையில் அரானா என்ற வியாபாரியின் கம்பெனி பழங்குடியினரை அடித்தும் பட்டினி போட்டும் கொன்று ரப்பர் சேகரித்த கதையை, 1910-இல் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய ரோஜர் கேஸ்மென்ட் நேரில் விசாரித்து எழுதினார். அந்த ஊரைச் சுற்றி இன்று நடப்பது அயவாஸ்கா வியாபாரம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் வெளியாள் வந்து காட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போவது அந்த ஊருக்குப் பழகிய காட்சி என்பதை மறக்கக் கூடாது.

அயவாஸ்கா என்பது ஒரு கொடியையும் சக்ருனா என்ற செடியின் இலையையும் சேர்த்து மணிக்கணக்கில் காய்ச்சும் கஷாயம். இலையில் இருக்கும் டி.எம்.டி. என்ற மயக்கப் பொருள் தனியாகக் குடித்தால் வயிற்றிலேயே சிதைந்துபோகும். கொடியில் இருக்கும் பொருள் அந்தச் சிதைவைத் தடுக்கிறது. இந்தச் சேர்க்கையை ஆய்வுக்கூடம் இல்லாமல் கண்டுபிடித்தவர்களின் அறிவை எத்தனை வியந்தாலும் தகும். 2008-இல் பெரு அரசு இதன் மரபுவழிப் பயன்பாட்டை நாட்டின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. இந்தியாவில் டி.எம்.டி. போதைப்பொருள் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஒரு பாட்டிலில் ஊற்றி ஊருக்குக் கொண்டுவரலாம் என்று நினைக்கும் ஆர்வலர்கள் அந்த நினைப்பை லீமாவிலேயே விட்டுவிடலாம்.

கொடி செய்யும் அந்தத் தடுப்பு வேலைதான் ஆபத்தும். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், குறிப்பாக செரோட்டோனின் சார்ந்த மருந்து எடுப்பவர்கள், இதைக் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிட்டுப் போவதும் தீர்வாகாது. அது தனியாக ஓர் ஆபத்து. தனக்கோ நெருங்கிய உறவினருக்கோ மனச்சிதைவு, இருமுனை மனநோய் வந்திருந்தாலும், இதயக் கோளாறு இருந்தாலும், இந்த வழி கிடையாது. துக்கத்தோடு போகிறவர்களில் பலர் ஏற்கெனவே மாத்திரையில் இருப்பார்கள் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். சில இடங்களில் கஷாயத்தோடு தோயே என்ற செடியையும் சேர்க்கிறார்கள். நம்மூர் ஊமத்தைக்கு உறவுக்காரச் செடி அது. ஊமத்தை என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கோப்பையையும் கையில் வாங்கக் கூடாது.

பெருவிலேயே இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வகை, வெளிநாட்டவர் நடத்தும் மையம். நிலம் அவர்களுடையது. அறையில் மின்விசிறி, காலையில் யோகா, வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் கஷாயம், மறுநாள் ஆங்கிலத்தில் "பகிர்வு". வாரத்துக்கு ஆயிரம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். ஷிபிபோ இனத்து வைத்தியர்கள் அங்கே சம்பளத்துக்கு வந்து பாடிவிட்டுப் போவார்கள். நல்ல மருத்துவக் கேள்விப் பட்டியலும் அவசர ஏற்பாடும் வைத்திருக்கும் மையங்கள் இவற்றில் இருக்கின்றன. பாதுகாப்பை மட்டும் பார்த்தால் இவற்றில் சில கிராமத்தைவிட மேல். ஆனால் அங்கே பத்து நாள் இருந்தாலும் நீங்கள் பழகியிருப்பது ஜெர்மனிக்காரரோடும் கனடாக்காரரோடும்தான்.

இரண்டாவது வகை, புகால்பா நகரத்துக்கு அருகே உக்கயாலி ஆற்றையும் யரினகோச்சா ஏரியையும் ஒட்டிய ஷிபிபோ கிராமங்களில் ஒரு வைத்தியர் குடும்பத்தோடு தங்கிப் பத்தியம் இருப்பது. இதில் கஷாயம் சிறு பகுதிதான். பத்தியமே படிப்பு. உப்பு, சர்க்கரை, எண்ணெய், காரம், பன்றிக்கறி, உடலுறவு எல்லாவற்றையும் விலக்கி, ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து அதன் சாற்றைக் குடித்துக்கொண்டு, ஒதுங்கிய குடிசையில் வாரக்கணக்கில் இருக்க வேண்டும். அந்தச் செடியே பாட்டைச் சொல்லித்தரும் என்பது அவர்கள் நம்பிக்கை. இகாரோ எனப்படும் அந்தப் பாட்டுகள்தான் சிகிச்சை. துணியிலும் பானையிலும் ஷிபிபோ பெண்கள் வரையும் கெனே என்ற கோலத்துக்கும் அந்தப் பாட்டுக்கும் உறவு உண்டு என்கிறார்கள். முன்பெல்லாம் பெரும்பாலும் வைத்தியர் மட்டும் கஷாயம் குடித்து நோயாளிக்காகப் பாடுவார். நோயாளி படுத்திருப்பார். சுற்றியிருக்கும் எல்லோரும் வரிசையாக வாங்கிக் குடித்துவிட்டுத் தன் வாழ்க்கையைத் தானே பார்த்துக்கொள்ளும் வழக்கம் வெளிநாட்டவருக்காகப் பெருகியது. இது தெரிந்து போகிறவர், "எனக்கு எத்தனை கோப்பை?" என்ற கேள்வியோடு போக மாட்டார்.

கிராமத்து வழிக்கும் நிழல் உண்டு. 2018 ஏப்ரலில் ஒலிவியா அரெவாலோ என்ற எண்பது வயது கடந்த ஷிபிபோ வைத்தியப் பாட்டி தன் ஊரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைக் கொன்றதாகச் சந்தேகிக்கப்பட்டவர் கற்றுக்கொள்ள வந்திருந்த ஒரு கனடாக்காரர். ஊரார் கூடி அவரைக் கொன்றுவிட்டார்கள். பெண்களிடம் தவறாக நடந்துகொண்ட "வைத்தியர்கள்" பற்றிய புகார்களும் பல ஆண்டுகளாக வந்துகொண்டே இருக்கின்றன. இருட்டில், தள்ளாடும் நிலையில், மொழி தெரியாமல் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அங்கே என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். வைத்தியரின் மனைவியோ சகோதரியோ பக்கத்தில் இருக்கும் வீடாகப் பார்த்துத் துணையோடு போவது நல்லது. தனியாகப் போக வேண்டாம் என்றே என் வீட்டுப் பெண்ணுக்குச் சொல்வேன்.

எக்குவடார் எனக்கு அதிகம் பிடித்த வழி. ஒருதலையாகப் பேசுகிறேன் என்று தோன்றினால் அது சரிதான்.

அங்கே அச்சுவார் மக்களின் நிலத்துக்குச் சாலை இல்லை. ஷெல் என்ற சிறிய ஊரிலிருந்து குட்டி விமானத்தில் ஏறி மண் ஓடுதளத்தில் இறங்க வேண்டும். எண்ணெய்க் கம்பெனியின் பெயரையே ஊருக்கு வைத்திருக்கிறார்கள். அந்த வட்டாரத்தின் சரித்திரம் அதிலேயே அடங்கிவிட்டது. பெரு எல்லையை ஒட்டிய கபாவி விடுதி 1996-இல் ஒரு சுற்றுலாக் கம்பெனி அச்சுவார்களிடம் நிலத்தைக் குத்தகைக்கு வாங்கிக் கட்டியது. பிறகு மொத்தமாக அச்சுவார்கள் கைக்கு வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் எழுதியபடி நடந்துகொண்ட அபூர்வக் கதை அது. 2017 முதல் அவர்கள் ஆற்றில் சூரிய ஒளியில் ஓடும் படகும் ஓடுகிறது. சாலை வேண்டாம், ஆறு போதும் என்ற முடிவின் தொடர்ச்சி அது.

அச்சுவார்களிடம் நான் முக்கியமாக நினைப்பது விடியலுக்கு முந்தைய நேரத்தை. மூன்று, நான்கு மணிக்கு எழுந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, குவாயுசா என்ற இலையைக் காய்ச்சிய நீரை வயிறு முட்டக் குடிக்கிறார்கள். பிறகு வெளியே போய் வாந்தி எடுத்து வயிற்றைக் கழுவிக்கொள்கிறார்கள். பிறகு இரவில் கண்ட கனவைச் சொல்கிறார்கள். அன்று வேட்டைக்குப் போகலாமா, பயணம் கிளம்பலாமா, யாரோடு சமாதானம் பேசலாம் என்பதெல்லாம் அந்தக் கனவுகளைப் பேசிய பிறகு முடிவாகும். 1990-களில் எண்ணெய் எடுப்போர் நெருங்கிவந்தபோது, வெளியாட்களில் நண்பர்களைத் தேட வேண்டும் என்று பெரியவர்கள் எடுத்த முடிவும் இப்படிக் கனவிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். அந்த அழைப்பின் பேரில் பிறந்த பச்சமாமா அலயன்ஸ் என்ற அமைப்பு இன்றும் அங்கே பயணங்களை அழைத்துப்போகிறது. வெளியார் தாமாகத் தேடிப்போகாமல் அவர்கள் கூப்பிட்டதால் போவது என்பது எனக்குப் பெரிய வித்தியாசம்.

குவாயுசாவில் இருப்பது காபியில் இருக்கும் அதே காஃபீன்தான். மாத்திரை சாப்பிடுகிறவரும் அந்த வட்டத்தில் உட்காரலாம். ரத்த அழுத்தம் இருந்தால் அளவாகக் குடிக்கலாம். அங்கும் அயவாஸ்கா உண்டு. ஆனால் அது இல்லாமலேயே கற்றுக்கொள்ள இவ்வளவு இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

அனென்ட் என்ற பாட்டுகள் இன்னொன்று. செடிக்கும் வேட்டை விலங்குக்கும் பிரிந்திருக்கும் கணவனுக்கும் மனதுக்குள்ளேயே பாடும் பாட்டு. தோட்டம் பெண்களின் ராஜ்யம். அதன் தாய் நுன்குயி. மரவள்ளிச் செடி தொடுகிறவரின் ரத்தத்தை உறிஞ்சும் என்று நம்பி, அதை அமைதிப்படுத்தப் பெண்கள் பாடுகிறார்கள். அனென்ட் பெரும்பாலும் ரகசியம். தாயிடமிருந்து மகளுக்குப் போவது. ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினால் பாட மறுக்கலாம், மறுக்கட்டும்.

நம்மவர்கள் அங்கே தடுமாறப் போகும் இடம் ஒன்று உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் நிஜியமஞ்ச் என்ற மரவள்ளி மதுவைக் கிண்ணத்தில் நீட்டுவார்கள். கிழங்கை வேகவைத்து, வீட்டுப் பெண்கள் வாயில் மென்று துப்பிப் புளிக்கவைத்தது. எச்சில் என்ற சொல்லை நாம் எத்தனை அருவருப்போடு வைத்திருக்கிறோம் என்பது அந்தக் கிண்ணத்தின் முன்தான் தெரியும். அங்கே அது வீட்டுக்காரியின் கைமணம். வேண்டாம் என்று தள்ளுவது அவளை அவமதிப்பது. உதட்டில் வைத்தாவது திருப்பிக் கொடுக்கலாம். சைவ உணவுக்காரர்களுக்கு வாழைக்காயும் மரவள்ளியும் தாராளமாகக் கிடைக்கும். கூடுதலாக எதிர்பார்ப்பவர் வீட்டிலிருப்பதே உசிதம்.

அதே எக்குவடாரில் போபோனாசா ஆற்றங்கரையில் சராயாக்கு என்ற, கீச்சுவா பழங்குடியினரின் ஊர் இருக்கிறது. ஓர் அர்ஜென்டினா எண்ணெய்க் கம்பெனி அவர்களைக் கேட்காமல் காட்டுக்குள் ஒரு டன்னுக்கு மேல் வெடிமருந்தைப் புதைத்தது. வழக்கு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2012 ஜூனில் ஊர் வென்றது. காடு முழுவதும் உயிரும் உணர்வும் உள்ளது என்ற தங்கள் நம்பிக்கையை 'கவ்சாக் சாச்சா', வாழும் காடு, என்ற பெயரில் 2018-இல் பிரகடனமாக வெளியிட்டார்கள். தங்கள் நிலத்தின் எல்லை நெடுக, வானிலிருந்து பார்த்தால் தெரியும்படி பூக்கும் மரங்களை நடுகிறார்கள். ஊர்ச்சபை அனுமதி இல்லாமல் அங்கே போக முடியாது. சடங்கு தேடிப் போகிறவர் ஏமாந்து திரும்பலாம். கூட்டம் கூடிப் பேசி முடிவெடுப்பதும் வழக்கு நடத்துவதும்கூட ஆன்மிகம்தான் என்று ஏற்பவருக்குச் சராயாக்கு போல ஒரு பள்ளிக்கூடம் இல்லை.

எக்குவடாரின் குறையையும் சொல்ல வேண்டும். கும்பல் வன்முறையால் 2024 ஜனவரியில் அந்த நாட்டு அரசு 'உள்நாட்டு ஆயுத மோதல்' என்றே அறிவித்தது. வன்முறையின் மையம் கடற்கரைப் பக்கம், குவாயாகில் போன்ற துறைமுகங்கள். காட்டுக்குப் போகிறவர் தலைநகர் கீட்டோ வழியாக இறங்குவது மேல். குட்டி விமானம் மழைக்கு நிற்கும். இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டுதான் திரும்பும் டிக்கெட்டைப் போட வேண்டும்.

பிரேசிலில் ஆக்ரி மாநிலம். கிரெகோரியோ ஆற்றங்கரையில் வாழும் யவனாவா மக்களின் நிலம், அந்த மாநிலத்தில் முதன்முதலாக 1984-இல் எல்லை வரையறுக்கப்பட்ட பழங்குடி நிலம். மிஷனரிகள் தடை செய்து ஏறக்குறைய மறந்துபோன சடங்குகளை அவர்கள் மீட்டெடுத்தார்கள். 2005 வாக்கில் இரண்டு சகோதரிகள், புத்தானியும் ஹுஷாஹுவும், ஆண்களுக்கே உரியதாக இருந்த கடும் பத்தியத்தைக் காட்டில் ஒதுங்கியிருந்து முடித்து ஆன்மிகத் தலைவிகளானார்கள். நமது மடங்களில் நடந்திருந்தால் எத்தனை ஆண்டு விவாதித்திருப்போம் என்று எண்ணிக்கொள்கிறேன். ஆண்டு விழாக்களில் வெளிநாட்டவரும் கலந்துகொள்கிறார்கள். இரவு முழுதும் மரிரி எனப்படும் பாட்டும் ஆட்டமும். விழா அவர்களுடையது, அழைப்பும் அவர்களுடையது. பழங்குடி நிலத்துக்குள் நுழைய அரசின் ஃபுனாய் அமைப்பு விதிகளும் உண்டு. இதெல்லாம் என் அளவுகோலில் நல்ல மதிப்பெண்ணே வாங்கும். தடை தூரமும் செலவும்தான். விமானங்கள், பிறகு சாலை, பிறகு பல மணி நேரப் படகு. போர்ச்சுகீசியம் தெரியாவிட்டால் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். விழாக் கூட்டத்தில் கற்பது குறைவு என்பதும் என் கருத்து. திருவிழா நாளில் கோயிலுக்குப் போய் அர்ச்சகரிடம் ஆகமம் கேட்பதைப் போன்றது அது.

தயக்கத்தோடு முதல் முறை போகிறவர்களுக்கு இரண்டு எளிய வாசல்கள் இருக்கின்றன. பெருவின் மாத்ரே தே தியோஸ் பகுதியில் எசே எஹா மக்கள் வாழும் இன்ஃபியர்னோ கிராமம், ஒரு கம்பெனியோடு 1996-இல் இருபதாண்டு ஒப்பந்தம் போட்டுப் பொசாதா அமசோனாஸ் விடுதியைத் தொடங்கியது. அந்த ஒப்பந்தப்படி லாபத்தில் அறுபது சதவீதம் ஊருக்கு. பொலிவியாவின் மாதிதி தேசியப் பூங்காவில் சான் ஹோசே ஊர் மக்களின் சலாலான் விடுதி இரண்டாவது. இரண்டிலும் ஆன்மிகம் என்ற பலகை இருக்காது. காட்டில் நடக்கும்போது ஒரு முதியவர் மரத்தைத் தட்டிச் சொல்வதைக் கேட்கலாம். அது போதாது என்கிறவர் மேலே சொன்ன வழிகளுக்கே திரும்பட்டும்.

எந்த வழியிலும் செய்யக் கூடாத ஒன்று, வெளியுலகத் தொடர்பைத் தவிர்த்து வாழும் மக்களைத் 'தேடிப்' போவது. அழைத்துப்போகிறேன் என்று சொல்லும் வழிகாட்டி சட்டத்தையும் மீறுகிறார், அவர்களுக்குத் தடுப்பாற்றல் இல்லாத சளிக் காய்ச்சலையும் கொண்டுபோகிறார்.

இங்கேயே மழைக்காடு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அகத்தியமலைச் சரிவுகளில், கேரளத்திலும் நம் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்திலும் காணி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களின் பிலாத்தி எனப்படும் வைத்தியர், கொக்கரை என்ற இரும்புக் கருவியைத் தேய்த்தபடி இரவெல்லாம் சாற்றுப்பாட்டுப் பாடி நோய் தீர்க்கும் மரபு உண்டு. இகாரோ கேட்கப் பூமியைச் சுற்றிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 1987-இல் காணிகள் வழிகாட்ட மலையேறிய விஞ்ஞானிகள், அவர்கள் களைப்பில்லாமல் நடப்பதைப் பார்த்து ஆரோக்கியப்பச்சைச் செடியை அறிந்தார்கள். அதிலிருந்து பிறந்த ஜீவனி மருந்தின் உரிமம் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்குப் போனது. வருமானத்தில் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு என்று ஏற்பாடு செய்தது உலகம் முழுதும் பேசப்பட்டது. யாரிடம் கேட்டார்கள், எல்லாக் காணிகளுக்கும் சம்மதமா என்ற சர்ச்சையும் கூடவே வந்தது.

அமேசானில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 1986-இல் ஓர் அமெரிக்கர் அயவாஸ்கா கொடியின் ஒரு வகைக்கு அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கிவிட்டார். அமேசான் பழங்குடிக் கூட்டமைப்பு போராடி 1999-இல் ரத்துசெய்ய வைத்தது. 2001-இல் அது மறுபடியும் உயிர்பெற்று, 2003-இல் காலாவதியானது. நம் மஞ்சளுக்கான அமெரிக்கக் காப்புரிமை 1997-இல் ரத்தானபோது வாதாட இந்திய அரசின் ஆய்வுக் கழகம் இருந்தது. அந்த மக்களுக்கு அப்படி எந்த அரசும் வரவில்லை. நோட்டுப் புத்தகத்தோடு வரும் அந்நியரை அவர்கள் இரண்டு முறை பார்ப்பதற்கு இது போதிய காரணம்.

காணிக் குடியிருப்புகள் பல புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. வனத்துறை அனுமதி வேண்டும். அறிமுகம் இல்லாமல் "எங்களுக்கு ஏதாவது சொல்லித்தாருங்கள்" என்று போய் நிற்பது அமேசானில் அநாகரிகம் என்றால் பாபநாசத்திலும் அநாகரிகம்தான். எனவே இதைச் சிக்கனமான மாற்று வழி என்று பரிந்துரைக்க மாட்டேன்.

முடிவெடுக்க உதவும் என் வரிசை இது. உடம்பு, மனம், மாத்திரை சம்பந்தமாகச் சிறு சந்தேகம் இருந்தாலும் எக்குவடார், கஷாயம் இல்லாமல். குறைந்தது ஒன்றிரண்டு மாதம் விடுப்பும், ஓரளவு ஸ்பானிஷும், அறிமுகமான ஒரு குடும்பமும் இருந்தால் புகால்பா. போர்ச்சுகீசியம் பேசும் நண்பரோடு அழைப்பின் பேரில் என்றால் ஆக்ரி. பத்து நாள் விடுப்பில் எல்லாம் முடிய வேண்டும் என்றால் பொசாதா அமசோனாஸ். வெளிநாட்டவர் மையம் கடைசி.

விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் தூதரகத்திலேயே கேளுங்கள். அமெரிக்கா வழியாகப் பறந்தால் விமானம் மாறுவதற்கே விசா தேவை என்பதையும் கணக்கில் வையுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைப்பார்கள்.

முன்பணம் அனுப்புவதற்கு முன் மூன்று கேள்விகளை எழுதி அனுப்புங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது? நான் தரும் தொகையில் ஊருக்கு எவ்வளவு, எந்தக் கணக்கில் போகிறது? கடந்த ஆண்டு யாரையாவது வர வேண்டாம் என்று சொன்னீர்களா, ஏன்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை நிதானமாகப் படியுங்கள். எல்லோரையும் ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதினால் வேறு இடம் பாருங்கள்.